செல்வி எந்தத் தெருவுக்கு இழுப்பாள்?

மூன்று வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே என் மகள் நிவியின் லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். ரக்பி. காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பைத்தியம். பார்ப்பதோடு நின்றால் பரவாயில்லை, ஆடவும் ஆடுகிறாள். அவள் முழங்காலில் முழுசாகத் தோல் இருந்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

மேட்ச் தொடங்கும் முன் வீரர்கள் தோளில் கை போட்டு நின்று தேசிய கீதம் பாடினார்கள். அதில் ஒரு தாடிக்காரர் கண் கலங்கி, உருகி உருகிப் பாடினார். எங்கேயோ பார்த்த தாடியாக இருக்கிறதே...

"ஏண்டி, இவரு முன்னாடி வேற நாட்டுக்கு ஆடலை? அப்பவும் இப்படித்தானே அழுதாரு?"

நிவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவுக்கு ரக்பியில் ஒரு ஆளை அடையாளம் தெரிகிறதே என்று அவளுக்கு ஒரே பெருமை. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு நாட்டுக்கு ரக்பி ஆட வேண்டுமானால் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையா, அப்பா அம்மா தாத்தா பாட்டி இவர்களில் யாராவது ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையா, தொடர்ந்து ஐந்து வருஷம் அங்கேயே குடியிருக்க வேண்டும்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டு அந்த நாட்டுக்குப் போனா?"

"அது கணக்கே கிடையாதும்மா. கல்யாணம் பண்ணாலும் அஞ்சு வருஷம் இருந்தே ஆகணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம ஊரில் மூன்றாவது முடிச்சு விழுந்த நிமிஷமே பெண்ணுக்கு ஜெர்சி மாறிவிடுகிறது. மறுநாள் காலையில் காபி போடும்போதே அவள் அந்த டீம். ஐந்து வருஷமாவது... ஐந்து நாள் கூட யாரும் தருவதில்லை.

"சரி, இந்தத் தாடி எப்படி மாறினாரு?"

"முன்னாடியெல்லாம் ஒரு நாட்டுக்கு ஆடிட்டா அவ்வளவுதான், மாறவே முடியாது. இப்போ ரூலை மாத்திட்டாங்க. மூணு வருஷம் எந்த நாட்டுக்கும் ஆடாம இருந்தா, பிறந்த நாட்டுக்குத் திரும்பி வந்து ஆடலாம். அப்பா அம்மா, தாத்தா பாட்டி பிறந்த நாடுன்னாலும் ஓகே. ஆனா ஒரே ஒரு தடவைதான்."

என் கத்தி வெண்டைக்காயிலேயே நின்றுவிட்டது. பக்கத்து அறையில் செல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கும்.

செல்வி என் நாத்தனார். வீட்டுக்காரரின் ஒரே தங்கை. கோவில்பதாகையில் எங்கள் மேட்டுத் தெருவில் பிறந்து, நாலு தெரு தள்ளி ஏரிக்கரைத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். போன ஆடி மாசம் ஒரு பையோடு வந்தாள். அதற்குப் பிறகு போகவில்லை. ஏன் என்று நாங்கள் குடையவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் தெரு சும்மா இருக்குமா? "இன்னா செல்வி, வந்துகீறியா? எப்போ கெளம்புற?" பார்க்கிறவர்கள் எல்லோரும் இதே கேள்விதான். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, சாப்பிட்டியா என்று கேட்கிற மாதிரிதான் கேட்பார்கள். ஆனால் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனிக்குப் போகிறாள். கம்பெனி வேன் தெருமுனையில் நிற்கும். அவளோ பின்பக்கம் சாக்கடை ஓரச் சந்து வழியாகச் சுற்றிப் போய் ஏறுவாள். ஆறு மாசமாக இதே கதை.

இந்த நேரத்தில்தான் பொங்கல் வந்தது.

காணும் பொங்கலன்று எங்கள் ஊரில் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி உண்டு. தெருவுக்குத் தெரு. பரிசு ஒரு எவர்சில்வர் குடம்தான். ஆனால் நடக்கிற ரகளையைப் பார்த்தால் உலகக் கோப்பை தோற்றுப் போகும். அந்தந்தத் தெருப் பெண்கள் மட்டும்தான் இழுக்கலாம் என்று கட்டாய ரூல். ஏன் என்றால், ஒரு வருஷம் ஏரிக்கரைத் தெருக்காரர்கள் கம்பெனி வேனில் வெளியாட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். வந்தவர்கள் இழுத்த இழுப்பில் எங்கள் டீம் கோயில் வாசல் வரை போய் விழுந்தது. அன்றைக்குப் போட்ட ரூல்.

எனக்கும் அந்தக் கயிற்றுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. செய்யாறு பக்கத்திலிருந்து புதுப்பெண்ணாக இங்கே வந்த முதல் பொங்கல். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். "அது புதுசு, உடும்மா" என்று யாரோ சொன்னார்கள். அப்போது செல்வி பள்ளிக்கூடத்துப் பெண். ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள். "எங்க அண்ணி. எங்க தெரு. அவ்ளோதான்" என்றாள். வந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் தகுதிச் சான்றிதழ் அதுதான். இன்றைக்கு வரை அவள் மேல் எனக்கு நன்றி உண்டு.

அந்தச் செல்வி இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? நானும் நிவியும் விடவில்லை. "நான் எந்தத் தெருன்னு நிப்பேன் அண்ணி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பிறந்த தெரு. ரக்பியிலேயே ஒத்துக்கிறாங்க, வா" என்று கிளப்பிக்கொண்டு போய்விட்டோம்.

எங்களோடு இறுதிச் சுற்றுக்கு வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் ஏரிக்கரைத் தெருதான். கயிற்றைக் கடைசியில் இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றவர் ராணியம்மா. செல்வியின் மாமியார்.



செல்வி கயிற்றைத் தொட்டதுமே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். "இது இன்னா நியாயம்? அது எங்க தெரு மருமவ. எங்களுக்கு எவ்ளோ வருஷம் இழுத்துகீது. இப்ப அங்க நின்னா?"

மைக் பிடித்திருந்த சீனு என்ற பையன் விழித்தான். கூட்டம் முழுக்கச் செல்வியைப் பார்த்தது. அவள் கை கயிற்றிலிருந்து மெல்ல நழுவுவதைப் பார்த்தேன். இங்கே இவளைத் திருப்பி அனுப்பினால் இனி இந்த ஜென்மத்துக்குத் தெருப்பக்கம் வர மாட்டாள். அழைத்து வந்தது நான். என்ன செய்ய?

மைக்கைப் பிடுங்கிவிட்டேன்.

"ரக்பின்னு ஒரு விளையாட்டு இருக்கு..."

"அது இன்னா யக்கா?" என்று சீனு கேட்டான். கூட்டம் சிரித்தது. நான் விடவில்லை. ஒரு நாட்டுக்கு ஆடியவர்கள்கூடப் பிறந்த நாட்டுக்குத் திரும்பி வந்து ஆடலாம், உலகமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்று விளக்கினேன். கூட்டம் தலையாட்டியது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். எனக்குத்தான் எதையும் முழுசாகச் சொல்லியே ஆகவேண்டுமே. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளின் வியாதி. "மூணு வருஷம் ஆடாம இருந்துட்டு..." என்று சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன்.

நிவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா? மூணு வருஷமாம்" என்று எதிர்ப்பக்கக் குரல் உற்சாகமாக எழுந்தது. "இது போன ஆடியிலதானே வந்துச்சு? இன்னும் டைம் கீது. போவச் சொல்லு."

நானே குழி வெட்டி, என் நாத்தனாரையே அதில் தள்ளிவிட்டேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.

"இருடி."

ராணியம்மா. இடுப்பில் சுற்றிய கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு நடுக்கோட்டுக்கு வந்தார். மைக்கை அவர் வாங்கவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை.

"இவ எங்க தெருவுக்குக் கடைசியா எப்போ இழுத்தா? எவளாவது சொல்லுங்க பாப்போம்."

அவரே விரலை மடக்கி எண்ணிக் காட்டினார்.

"மூணு பொங்கலுக்கு மேல ஆவுது இவ கயிறு தொட்டு. எம் புள்ள ஊட்ட உட்டு வெளிய உடல. ஆம்பளைங்க பாக்குறாங்களாம். கோலம் போடக்கூட உடல. நானும் பாத்துக்கினு கம்முனு இருந்தேன்." என்னைக் கை காட்டினார். "அப்போ இவ அண்ணி சொன்ன கணக்கு சரியாப் பூடுச்சில்ல? இழுக்க உடுங்க."

அவ்வளவுதான். போய்த் திரும்பவும் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

பெற்ற பிள்ளை செய்ததைத் தெரு கூடி நிற்கும் இடத்தில், வெயிலில், இப்படிப் போட்டு உடைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? இத்தனை நாள் அந்தம்மாவை நானும் மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

செல்வி வந்தாள். இந்தத் தடவை நான் அவள் கையைப் பிடித்து எனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன். சொல்ல வேண்டியது என்று ஒன்று இருந்தது. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

இழுத்தோம். உயிரைக் கொடுத்து இழுத்தோம். ராணியம்மா மட்டும் விட்டுக்கொடுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நியாயம் வேறு, குடம் வேறு போலிருக்கிறது. அந்தம்மா பின்னால் சாய்ந்த சாய்ப்பில் நாங்கள் கொத்தாகப் போய்க் குப்புற விழுந்தோம். நிவி முழங்காலில் மிச்சம் இருந்த தோலும் போனது.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ராணியம்மா எங்கள் பக்கம் வந்தார். செல்வியின் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தார். கயிறு உரசிச் சிவந்திருந்தது.

"தேங்கா எண்ண தடவு."

"சரி அத்தே."

ராணியம்மா குடத்தோடு தன் தெருவைப் பார்த்து நடந்தார்.

வீட்டுக்குக் கிளம்பினோம். செல்வியோடு போய்ப் போய் வந்த பழக்க தோஷத்தில் நான் சந்துப் பக்கம் திரும்பினேன். செல்வி திரும்பவில்லை. புடவை முழுக்க மண்ணோடு நேராகத் தெரு நடுவே நடந்தாள். கோடி வீட்டு அக்கா வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தார். வழக்கம்போல் கேட்டார். "இன்னா செல்வி, எப்போ கெளம்புற?"

"எங்க கெளம்புறது? இங்கதான் யக்கா கீறேன். அடுத்த வருஷம் அந்தக் குடத்த வாங்க வேணாமா?"

குடம் அவங்களுக்கு. ஆள் எங்களுக்கு.