ஒரே தொட்டிக்கு மூன்று பூசணிக்காய்

முனிவேல் மத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலை தேடி வந்தபோது கையில் ஒன்றுமில்லை, வாயில்தான் எல்லாம் இருந்தது. கம்பெனி வாட்ச்மேனிடம் கன்னடம், வீட்டுக்கார அம்மாவிடம் தெலுங்கு, டீக்கடையில் தமிழ் என்று வந்த வேகத்தில் மூன்றையும் பிடித்துக்கொண்டான். அந்த நாக்கை வைத்து ஒழுங்காகவும் பிழைத்திருக்கலாம். அவனுக்கு அது ருசிக்கவில்லை. முதலில் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தான். பிறகு மனை வாங்க ஆள் பிடித்துக் கொடுத்தான். கடைசியில் கட்சிக் கூட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தான். அந்தக் கட்சி சீட்டுத் தரவில்லை என்றதும், பிடித்த ஆட்களை அப்படியே வேனில் ஏற்றிக்கொண்டு எதிர்க் கட்சிக்குப் போய், நகரத்தின் ஓரத்தில் ஒரு வார்டுக்குக் கவுன்சிலராகிவிட்டான்.

அன்றிலிருந்து சட்டை வெள்ளை, வேட்டி வெள்ளை, செருப்பும் வெள்ளை. தெருவில் இறங்கினால் சேறு படுமே, அதனால் காரிலேயே உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிப் பேசுவான். சாவு வீட்டுக்கு மட்டும் இறங்குவான். தெலுங்குக்காரர் வீட்டில் தெலுங்கில் அழுவான், கன்னடக்காரர் வீட்டில் கன்னடத்தில் அழுவான். வெளியே வந்து காரில் ஏறியதும் மனைக்கு விலை பேசுவான்.

அவன் மனைவி சுகுணா அப்படிப்பட்டவள் இல்லை. காவேரிப்பட்டினத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அந்த வார்டுப் பெண்களோடு லாரித் தண்ணீருக்கு நின்று பழகியவள். மாடி வீடு கட்டி, சொந்தமாகப் போர்வெல் போட்ட பிறகும் சாயங்காலமானால் கன்னடக்காரத் தெருவுக்குப் போய்ப் பூக்காரி கெம்பம்மாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

வார்டு முழுக்கத் தண்ணீர்க் கஷ்டம். மேல்நிலைத் தொட்டி ஒன்று கட்ட உத்தரவு வந்தது. ஒன்றே ஒன்று. நம் கவுன்சிலர் என்ன செய்தான்? தெலுங்குத் தெருவில் செங்கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, தொட்டி இங்கேதான் என்று தெலுங்கில் சொன்னான். அடுத்த வாரம் கன்னடத் தெருவில் இன்னொரு செங்கல், இன்னொரு பூசணிக்காய், அதே தொட்டி. அப்புறம் வெளியூர்க்காரர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பக்கம் வந்து தமிழில் ஒரு பூஜை. மூன்றிலும் தாம்பாளம் ஏந்தி நின்றவள் சுகுணாதான்.

இரண்டாவது பூஜை முடிந்ததுமே அவள் கேட்டாள், இதென்ன கூத்து என்று. அவன் சிரித்தான்.

"அவங்க பேசறது இவங்களுக்கு எங்கடி புரியப் போவுது? அவங்கவங்க பாஷையில சொன்னா அவங்கவங்க சந்தோசமா இருப்பாங்க."

மூன்று பாஷை பேசத் தெரிந்தவன் தான் ஒருத்தன்தான் என்று நினைத்துவிட்டான். அந்த ஊரில் தண்ணீர் லாரி வந்தால் சண்டை தெலுங்கில் தொடங்கும், கன்னடத்தில் முற்றும், தமிழில் சமாதானமாகும். குடம் பிடிக்கிற குழந்தைக்குக்கூட மூன்றிலும் திட்டத் தெரியும். அவன் குடம் பிடித்திருந்தால்தானே தெரிந்திருக்கும்!

தொட்டியோ மூன்று தெருவிலும் எழும்பவில்லை. ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு வீடு கூட இல்லாத அவனுடைய மனைப்பிரிவின் நடுவில் எழும்பி நின்றது. தண்ணீர் வசதியுள்ள மனை என்று போர்டும் வைத்துவிட்டான். அதன்பின் சுகுணா பூக்கடைக்குப் போனால் கெம்பம்மா பூவை அளந்து கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்போல உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த தேர்தலில் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. முனிவேல் சுகுணாவைக் கேட்கவே இல்லை. வேட்புமனுவை நீட்டி அவளிடம் எங்கெங்கோ கையெழுத்து வாங்கினான். தெருமுனையில் பேனர் கட்டினான். அதில் அவள் படம் வெற்றிலை அளவு, அவன் படம் வாழையிலை அளவு. பெயர் மட்டும் அவளுடையது. இத்தனை நாளும் அவன் பெயர்தான் கெட்டது, இனி தன் பெயரும் கெடப்போகிறது என்பதுதான் சுகுணாவை அரித்தது.

சுகுணாவையும் மேலே நிற்க வைத்து ஓட்டுக் கேட்டு வந்த வேன் தெலுங்குத் தெருவில் நின்றது. எதிர்க் கட்சிக்காரன் சதியால்தான் தொட்டி வரவில்லை என்று அவன் தெலுங்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசினான். கூட்டத்தில் தெலுங்குக்காரர்கள் மட்டும் இல்லை. கன்னடத் தெருவிலிருந்து கெம்பம்மா வந்திருந்தாள். லைன் வீட்டிலிருந்து, ஊத்தங்கரைக்காரி மணிமேகலை இடுப்பில் காலிக் குடத்தோடு வந்திருந்தாள்.

"அண்ணா, மூணு பூசணிக்காய் ஒடைச்சியே, தொட்டி எந்தப் பூசணிக்காய்க்குள்ள இருக்குது?" என்றாள் கெம்பம்மா.

அவன் சட்டென்று கன்னடத்துக்குத் தாவி, அக்கா அக்கா என்று குழைந்தான்.

"எந்த பாஷையில வேணா சொல்லுங்க. எங்களுக்கு எல்லாமே புரியும்," என்றாள் மணிமேகலை. தெருவே சிரித்தது. அவன் மூன்று பாஷையையும் கலந்து உளறினான்.

கெம்பம்மா அவனை விட்டுவிட்டு வேனுக்கு மேலே பார்த்தாள். "நீ சொல்லு சுகுணா. தாம்பாளம் உன் கையிலதானே இருந்துச்சு?"

முனிவேல் மைக்கைப் பொத்தினான். சுகுணா அவன் விரல்களை விலக்கி அதை வாங்கிக்கொண்டாள்.

"தொட்டி எங்க மனைக்குப் போயிடுச்சுக்கா. இந்த ஆளுக்காக எனக்கு ஓட்டுப் போடாதீங்க."

சொல்லிவிட்டு வேனிலிருந்து இறங்கி நடந்தாள். யாரும் கை தட்டவில்லை. கெம்பம்மாகூட, "இத அன்னைக்கே சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே வீடுவரை கூடவே நடந்தாள்.

ஓட்டு எண்ணியதில் டெபாசிட்டும் போனது. முனிவேல் வீட்டுக்கு வந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றி எறிந்தான். இத்தனை வருஷம் ஓடி ஓடிச் சேர்த்த பேரை ஒரு பேச்சில் தொலைத்தாயே, உனக்கு இதில் என்ன கிடைத்தது என்று கத்தினான்.

சுகுணா அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான் தெருவுல நடக்கணுமில்ல," என்றாள்.