சிவப்புக் கோட்டுக்கு மேலே மூன்றடி

அலுவலகத்தில் அவளுக்குக் 'கோட்டுக்காரி' என்று பெயர். பெரிய வெள்ளம் வடிந்ததும் சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு போய், தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பம்ப் ஹவுஸ் சுவரில் கோடு போட்டவள் அவள்தான். அப்புறம் அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. அந்தப் பகுதியில் வீடு கட்டுகிறவர்கள் தரையை அந்தக் கோட்டுக்கு இரண்டடி மேலே வைக்க வேண்டும். ஓரங்குலம் குறைந்தாலும் குடியேறச் சான்றிதழ் கிடையாது. இருபது வருஷமாக நிலத்தின் மேடு பள்ளத்தை அளந்து மட்டம் பார்த்த கைக்கு அது பெரிய கௌரவம். அவளும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தாள், சொல்லாமல் இருப்பானேன்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு இன்ஜினியர் அறுபத்திரண்டு வீடுகளின் சான்றிதழ்களில் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அதில் ஒன்று அவளுடைய தம்பியின் வீடு. வெல்டர். மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுந்து நடக்க முடியாத அம்மா என்று ஒற்றை அறையில் நெருக்கியடித்துக் கிடந்தவன். மறுநாள் குடிபோக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

கடைசியாக ஒரு தடவை கோட்டைப் பார்த்துவிடலாம் என்று மதியம் பம்ப் ஹவுஸுக்குப் போனாள். வெள்ளையடிக்க வந்தவர் உள்ளறையில் சுவரோரம் நின்ற இரும்பு பீரோவை நகர்த்தியிருந்தார். பின்னால், முன்பு வெள்ளையடித்தபோது விட்டுப்போன இடத்தில், காய்ந்த சேற்றுக்கறை. அதன் மேல்விளிம்பு அவள் முகத்துக்கு நேரே இருந்தது. வெளியே அவள் போட்ட கோடோ முழங்காலுக்குச் சற்று மேலேதான்.

தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயை ஜன்னல் வழியாக விட்டு மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் மூன்றடி வித்தியாசம்.

கோடு போட்ட அன்றைக்கு இந்த அறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் வரவில்லை. வெளிச்சுவரில் கறை தெரிந்தது, அங்கேயே கோட்டைப் போட்டுவிட்டாள். வெள்ளம் வடிய வடியப் பெய்த மழை, மேலே இருந்த கறையைக் கழுவிவிட்டிருந்தது. மழை படுகிற சுவரை நம்பாதீர்கள் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறவளே அவள்தான். அதே வெள்ளம் மறுபடி வந்தால் அறுபத்திரண்டு வீட்டுக்குள்ளும் ஓரடித் தண்ணீர் நிற்கும்.

"சுரண்டட்டுமா மேடம்? சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்," என்றார் வெள்ளையடிக்க வந்தவர்.

"கை வைக்காதீங்க," என்று கத்தினாள். அந்த மனிதர் மிரண்டுபோனார்.

அவள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்ஜினியர் பேனாவைத் திறந்திருந்தார். போனில் எடுத்த படங்களைக் காட்டிச் சொன்னாள்.

"கோடு போட்டது நீங்க. இப்ப மாத்தினா முதல்ல உங்க வேலைக்குத்தான் உலை வைப்பாங்க," என்றார் அவர். "அந்தச் சுவருக்கு வெள்ளையடிச்சாச்சுன்னா விஷயம் முடிஞ்சுது. யோசிச்சுக்கோங்க."

அவள் யோசித்தாள். பயமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காகிதத்தை இழுத்து, தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணல்மாணலாக வந்தது. இன்ஜினியர் பேனாவை மூடினார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த தம்பிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எகிறினான்.

"என்னக்கா, தலையில குண்டைத் தூக்கிப் போடறே? உன் கோட்டை நம்பித்தானே தரை போட்டேன்?"

"ஆமாண்டா."

"ஓரடித் தண்ணிதானே, பாத்துக்கலாம். சான்றிதழ் வந்தாலும் வராட்டியும் நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வரத்தான் போறேன்!"

விருட்டென்று கிளம்பிப் புது வீட்டுக்குப் போனான். அவளும் பின்னாலேயே போனாள்.

முன்னறையில் பெயிண்ட் வாசனை போகவில்லை. முதல் சாமானாக அம்மாவின் இரும்புக் கட்டில் வந்திருந்தது. உருண்டு விழுந்தாலும் அடிபடக் கூடாது என்று அவனே கால்களை அறுத்துக் குட்டையாக்கிய கட்டில். மெத்தையும் தலையணையும் போட்டுத் தயாராக இருந்தன.

அவள் டேப்பைத் தரையில் ஊன்றி, கட்டிலை ஒட்டிய சுவரில் ஓரடி உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். கோடு மெத்தைக்கு மேலே போயிற்று. தலையணைக்கும் மேலே போயிற்று.

தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நாளைக்கு வண்டி வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றான். "நீ கிளம்புக்கா. இப்ப எனக்கு உன் முகத்துல முழிக்கப் பிடிக்கலை."