பந்தி இல்லாத கலியாண வீடியோ

சித்தியின் கலியாண வீடியோவில் சாப்பாட்டுப் பந்தி இல்லை. தாலிகட்டு முடிந்து ஆசீர்வாதம் நடக்கும். ஆட்கள் வரிசையாக வருவார்கள். பிறகு திடீரென்று படம் சதுரம் சதுரமாக உடையும். மறுபடி தெளியும்போது சித்தியும் சித்தப்பாவும் காரில் ஏறிக்கொண்டிருப்பார்கள். பார்க்கிறவர்கள் வீடியோக்காரர் சாப்பிடப் போய்விட்டார் என்று நினைப்பார்கள். அது அவருடைய பிழை இல்லை. என்னுடையது.

போர்நிறுத்தக் காலம். எனக்குப் பன்னிரண்டு வயது. புங்குடுதீவில் எங்கள் வீட்டில், வெளிநாட்டில் இருந்து வந்த மாப்பிள்ளைக்கும் அம்மாவின் தங்கைக்கும் கலியாணம் நடந்தது. சித்தப்பா எட்டாம் நாளே திரும்பிப் போய்விட்டார். ஊர்காவற்றுறை ஸ்ரூடியோ அண்ணை வீடியோவை வெட்டி ஒட்டி, ஒரு மணித்தியாலமாக்கி, ஒரேயொரு சீடியில் பதிந்து தந்தார். சித்தப்பாவுக்கான பிரதியை, ஆராவது வெளிநாடு போகும்போது பதிந்து கொடுத்துவிடலாம் என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊரில் கலியாண வீடியோ என்பது பொதுச்சொத்து. தங்கள் பிள்ளை வருகிற இடத்தைப் பார்க்க ஒரு வீடு, யார் என்ன சேலை கட்டினது என்று பார்க்க இன்னொரு வீடு. சீடி போகும், விரல் அடையாளங்களோடு வரும், ஒருமுறை சொதி மணத்தோடும் வந்தது. அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதை ஒரு பழைய சினிமாப் படத்தின் உறைக்குள் போட்டு அலுமாரியில் வைத்தார். கேட்டு வந்தவர்களிடம், “அது கொழும்புக்குப் போயிட்டுது” என்றார். ஆட்களை ஏமாற்றுவதில் அம்மா நல்ல கெட்டிக்காரி. என்னையும் சேர்த்து ஏமாற்றினார் என்பதுதான் பிரச்சினை.

அந்தக் கிழமை அம்மா வேப்பம்பூ வடகம் போட்டிருந்தார். பாயில் காயும் வடகத்துக்குக் காகம் வராமல் காவலிருப்பது என் வேலை. புத்தகம் வாசித்துக்கொண்டு காகம் கலைக்க ஏலாது. மிளகாய்த் தோட்டத்தில் ஆரோ பழைய சீடியைக் கட்டித் தொங்கவிட்டுக் குருவி கலைப்பதைப் பார்த்திருந்தேன். எங்கள் அலுமாரியில் அந்தப் பழைய படம் இருந்தது. பாதியில் நின்றுபோகும் படம். எடுத்தேன். நூல் கட்டிக் கொடிக்கம்பியில் தொங்கவிட்டேன். அது சுழன்றது, வெயிலை எறிந்தது, பக்கத்துக் கற்தூணில் உரசியது. காகம் ஒன்றும் வரவில்லை. மூன்று நாள் நிம்மதியாக வாசித்தேன்.

நாலாம் நாள் காலை சித்தப்பா தொலைபேசி எடுத்தார். சித்தியின் விசாவுக்காக எம்பசியில் நேர்முகத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். இன்னும் ஐந்து நாள்தான். கலியாணம் உண்மையாக நடந்தது என்பதற்கு அல்பம் மட்டும் போதாதாம், வீடியோவும் கொண்டுபோக வேண்டும். அப்படி வீடியோ இல்லாமல் போன ஒருத்தியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சித்தி கேள்விப்பட்டிருந்தார். 

“பயப்பிடாதை, அந்தப் பழைய படத்தின்ரை உறைக்குள்ளைதான் வைச்சனான்,” என்றார் அம்மா.

அலுமாரி திறக்கும் சத்தம் கேட்கும்போது நான் கொடிக்கம்பியடியில் நின்றேன். நூலை அறுத்துச் சீடியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இரண்டு வளவு தள்ளி ஆளில்லாத ஒரு வீடு. சொந்தக்காரர் எல்லோரும் வெளிநாட்டில். பின்னறை யன்னலில் இருந்து பார்த்தால் எங்கள் முற்றம் தெரியும். அங்கே சுவரோடு ஒட்டிக் குந்தினேன். சீடியின் அடிப்பக்கம் பூனை பிராண்டின மாதிரி இருந்தது. சித்தி இனிப் போகவே முடியாது, அதற்குக் காரணம் நான் என்று நினைத்தேன். முதலில் அழுதேன். பிறகு பசித்தது.

மத்தியானம் அளவில் என் பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. மெல்ல யன்னலால் எட்டிப் பார்த்தேன். எங்கள் கிணற்றடியில் அம்மா நிற்பது தெரிந்தது. அப்பாவின் சவரக் கண்ணாடியைக் கையில் பிடித்து, வெயிலைத் திருப்பிக் கிணற்றுக்குள் அடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சீடியைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டேன் என்று நினைத்துத் தேடுகிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. சீடி கிணற்றுக்குள் கிடந்தால் அது இனி எதற்கு உதவும்? பெரிய ஆட்கள் சில நேரம் இப்படித்தான் யோசிப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு அப்பா, அம்மாவோடு நான் ஒளித்திருந்த வளவுக்கே வந்தார். பின்பக்கத்துக் கிணற்றில் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். தண்ணீர் அலம்புகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. ஏறி வந்து, கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினார். அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஒரு சீடிக்காக அப்பா இவ்வளவு பாடுபட்டதைப் பார்த்த பிறகு, வெளியே வரும் எண்ணத்தை முற்றாக விட்டுவிட்டேன்.

வெயில் சாயும் நேரம் சித்திதான் அந்த வீட்டின் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சாப்பிட்டனியே?” என்று கேட்டார்.

நான் சீடியை நீட்டினேன். வாங்கினார். திருப்பிக்கூடப் பார்க்காமல் நிலத்தில் வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். எனக்குக் கொஞ்சம் மனவருத்தமாகக்கூட இருந்தது. நாள் முழுக்க நான் இதற்காகப் பயந்து செத்திருக்கிறேன். இவர் ஒருதரம் பார்க்கவாவது கூடாதா?

வீட்டில் அம்மா முதுகில் ஒன்று போட்டார். பிறகு அதே முதுகை நான் நித்திரையாகும்வரை தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போனார். ஸ்ரூடியோ அண்ணை சீடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தங்கச்சி, இதை ஆர் இப்பிடிச் செய்தது?”

“காகம்,” என்றார் சித்தி.

“உங்கடை ஊர்க் காகம் நூலும் கட்டுமோ?” ஓட்டையில் என் நூல்துண்டு இன்னும் தொங்கியது.

 சித்தி பேச்சை மாற்றினார். “எடுத்த கசெற்றிலை இருக்குமெல்லே, அண்ணை?”

“அதுக்கு மேலை ரண்டு கலியாணம் எடுத்திட்டன். கொம்பியூட்டரிலையும் இடமில்லையெண்டு அழிச்சுப் போட்டன். இனி எல்லாம் இதுக்குள்ளைதான் கிடக்கு.”

சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பழைய பருத்திச் சட்டைத் துண்டால், நடுவில் இருந்து விளிம்பு நோக்கித் துடைத்தார். “சுத்திச் சுத்தித் துடைக்கப்படாது, பிள்ளை. கீறலுக்கு வழி காட்டின மாதிரிப் போயிடும்.” பிறகு சீடியைக் கணினிக்குள் விட்டார். ரீவிக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டி கீறலைக் கண்டால் அதோடு நின்றுவிடும்; கணினியோ மெதுவாகத் திரும்பத் திரும்ப வாசித்து, எடுபடுவதையெல்லாம் ஒரு கோப்பாகத் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும், முடியாத துண்டை வெறுமையாக விட்டு அப்பால் போகும் என்றார். சீடி உள்ளே முனகியது. ஒரு நீலக்கோடு வளர்ந்தது. நாற்பத்தொரு சதவீதத்தில் நின்றது.

“நிண்டிட்டுதோ?” என்றார் சித்தி.

“நிக்கேல்லை. யோசிக்குது. நீர் சும்மா இரும்.”

ஒரு மணித்தியாலம் யோசித்தது. சித்தியின் விரல்கள் என் பின்னலை அவிழ்ப்பதும் பின்னுவதுமாக இருந்தன. நான் தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். அண்ணையின் சுவரில் இருந்த மாதாவையும் விடவில்லை. கோடு நாற்பத்திரண்டுக்குப் போனது. மின்சாரம் நின்றுபோகுமோ என்று அண்ணை இடையிடையே எழும்பிப் போய் ஜெனரேற்றருக்கு எண்ணெய் பார்த்தார். மத்தியானம் தன் வீட்டில் இருந்து எங்களுக்கும் சோறும் மீன்குழம்பும் எடுப்பித்தார். பின்னேரம் கடைசி பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னர் கோப்பு முழுவதும் வந்தது. அவர் ஓட்டிப் பார்த்தார். மேளம் கேட்டது. தாலி ஏறியது. சித்தி அப்போதுதான் மூச்சு விட்டார்.

“பந்தி மட்டும் போயிட்டுது, தங்கச்சி. பரவாயில்லை, எம்பசிக்காரன் ஆர் எத்தினை வடை திண்டதெண்டு கேக்க மாட்டான்.”

அந்தக் கோப்பைத் திருத்தி இரண்டு புதுச் சீடியில் எழுதித் தந்தார். என்ன தரவேண்டும் என்று சித்தி கேட்டதற்கு, “காகம் திண்டு மிச்சம் விட்ட வடகம் இருந்தாக் கொண்டு வாரும்,” என்றார். அம்மா அந்த முறை போட்ட வடகத்தில் பாதி அவர் வீட்டுக்குப் போனது. சித்திக்கு விசா கிடைத்தது. அவர் என்னை ஒருநாளும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. சித்திக்கும் ஸ்ரூடியோ அண்ணைக்கும் நான் எவ்வளவு கடமைப்பட்டவள் என்பதை அப்போதே உணர்ந்திருந்தேன் என்றுதான் இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் சித்தி அழைத்தார். வீடு மாறியதில் தங்கள் சீடி தொலைந்துவிட்டது, என்னிடம் இருப்பதைத் தொலைபேசியில் பார்க்கக்கூடிய மாதிரி மாற்றி அனுப்ப முடியுமா என்று கேட்டார். இப்போது சீடி போடுகிற கணினியே அருமை. வெளியே பொருத்துகிற ஒரு பெட்டியை வாங்கி, ஒரு சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். அன்று காலைதான் பரீட்சையில் புள்ளி குறைந்ததற்காக மகளை ஏசியிருந்தேன். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. கோடு அறுபதைத் தாண்டும்போது அவளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அறையில் இல்லை. குசினியில் இல்லை. சைக்கிள் நின்றது, செருப்புக் கிடந்தது, அவள் இல்லை.

அதன் பிறகு எனக்கு நினைவிருப்பது, கையில் கண்ணாடியோடு நான் கிணற்றுக் கட்டில் குனிந்து நின்றதுதான். அதைச் சுவரில் இருந்து எப்போது கழற்றினேன் என்று தெரியாது. வெயில் வட்டம் தண்ணீருக்கு அடியில் நடுங்கி நடுங்கித் திரிந்தது.  அப்போதுதான், இவ்வளவு வருடம் கழித்து, அம்மாவும் அப்பாவும் அன்று எதைத் தேடினார்கள் என்று எனக்கு விளங்கியது.

பின்னால் காலடி கேட்டது. பக்கத்து வளவில் ஆடு குட்டி போட்டதைப் பார்க்கப் போயிருந்தாளாம். வெறுங்கால் முழுக்க மண்.

“அம்மா, கிணத்துக்குள்ளை என்ன விழுந்தது?”

 அவளைப் பிடித்து இழுத்து, முதுகில் கைவைத்துக்கொண்டு சொன்னேன்:

“ஒண்டும் விழேல்லை, பிள்ளை. ஒண்டும் விழேல்லை.”