முன்னால் போன குங்குமச் சிமிழ்

மைதானத்தில் எங்களை வழியனுப்ப வந்தவர்கள் மாலைகளோடு நின்றார்கள். யாரோ சங்கு ஊதினார்கள். கல்கத்தாவிலிருந்து கிளம்பி, ராஜபுதனத்துப் பாலைவனத்தைக் கடந்து, பஞ்சாபுக்கு வடக்கே பனிமலை அடிவாரம் வரை சைக்கிளிலேயே போகப்போகிற நான்கு வீரர்களைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டம். மூன்று பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான்காவது ஆளான நான் கழுத்தில் மாலையோடும் வெறுங்கையோடும் நின்றேன்.

"உன் சைக்கிள் எங்கே?" என்று எங்கள் தலைவர் கேட்டார்.

"ஹவுராவில் இருக்கிறது. நேற்றே கிளம்பிவிட்டது" என்றேன்.

அவர் பவானிபூரில் ஒரு காலேஜில் தேகப்பயிற்சி ஆசிரியர். பெரியண்ணன் என்று பொருள்பட எல்லோரும் அவரைப் 'பொர்தா' என்று கூப்பிடுவோம். அன்று அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

விஷயம் இதுதான். பொர்தா தம்முடைய வங்காளப் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை காலை என்று குறித்திருந்தார். என் மனைவி எங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது. நாங்கள் போவதோ நேர் மேற்கு. இதற்கு நம்மவர்கள் வைத்திருக்கிற வழி பரஸ்தானம். நல்ல வேளையில் கிளம்ப முடியாதவர், தம் பொருள் ஒன்றை அந்த வேளையில் போகிற திசையிலே இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பொருள் போனால் ஆள் போன கணக்கு. அதன்பிறகு ஆள் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை. ஆனால் வைத்துவிட்டால் போயே தீரவேண்டும்.

சாதாரணமாகக் குடையோ துணி மூட்டையோ வைப்பார்கள். என் மனைவி ஒப்பவில்லை.

"குடையா மலை ஏறப்போறது? சைக்கிள்தானே ஏறப்போறது? அதையே வெச்சுட்டு வாங்கோ" என்றாள்.

சனிக்கிழமை ஆபீஸ் அரைநாள். நல்ல வேளை பார்த்து மிதவைப் பாலத்தைக் கடந்து, ஹவுராவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த எங்கள் ஊர்க்காரர் வீட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு டிராமில் வீடு திரும்பினேன். மறுநாள் மைதானத்தில் எதன்மேல் ஏறப்போகிறேன் என்று எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. சாஸ்திரத்தைச் சரியாகச் செய்துவிட்ட நிம்மதியில் இருவரும் நன்றாகத் தூங்கினோம்.

ஆகவே உலகமே பார்க்க, பொர்தாவின் பின்புறக் காரியரில் உட்கார்ந்துகொண்டு என் சைக்கிள் யாத்திரையைத் தொடங்கினேன். பாலத்தின் மேல் மாட்டு வண்டிக்காரர்கள்கூட எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கீழே கங்கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹவுராவில் என் வண்டி சுவரோரம் சந்தனப் பொட்டும் குங்குமமுமாக நின்றது. அதன் கைப்பிடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது.

அந்த முடிச்சைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

என் மனைவி தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். அங்கே வரப்புதான் மேடு. கல்யாணமாகி என்னோடு கல்கத்தா மெயிலில் வந்தபோது வழியில் மலைகள் வந்தனவாம். அவள் தூங்கிப்போய்விட்டாள். பிரசவத்துக்குப் போனபோது அந்த இடம் வந்தது இருட்டில். "மலையெல்லாம் என்னைத் தாண்டிப் போயிடறது, நான் ஒண்ணைக்கூட பார்த்ததில்லே" என்று அடிக்கடி சொல்லுவாள். பவானிபூர் சந்தில் மாடியில் இரண்டு அறை, காளிகாட் கோவில், மாசிமா என்று அவள் கூப்பிடும் கீழ்வீட்டு வங்காள அம்மாளோடு பாதி வங்காளத்திலும் பாதி ஜாடையிலும் பேச்சு, இதுதான் அவள் உலகம். நாங்கள் சாயங்காலங்களில் மைதானத்தில் சைக்கிள் பழகுவதை ஒருநாள் டிராமிலிருந்து பார்த்துவிட்டு வந்து, வெகுநேரம் மாடி ஜன்னலில் நின்று சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸில் எங்கள் துரைக்கு சைக்கிள் பைத்தியம். நான் கேட்டதும் லீவு கொடுத்துவிட்டார். வீட்டில் அவள்தான் யோசிப்பாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தது வேறு. சனிக்கிழமை சைக்கிளுக்குப் பொட்டிட்டபோது, அட்சதையும் மஞ்சள் கிழங்கும் வைத்த துணியில் தன் குங்குமச் சிமிழையும் வைத்து முடிந்தாள். மரத்தில் கடைந்த சின்னச் சிமிழ், பிறந்தகத்திலிருந்து கொண்டு வந்தது.

"இது எதுக்கு?"

"உங்களுக்கு சைக்கிள் பரஸ்தானம். எனக்கு இது."

"நீ எங்கே வரப்போறே?"

"நீங்க போற எடத்துக்குத்தான். இப்போ பொம்மனாட்டியை யாரும் விடமாட்டா. மலையிலே நல்ல மனுஷா ஆத்துலே இதைக் கொண்டுபோய் வெச்சுடுங்கோ. வெச்சாச்சுன்னா நான் போயே ஆகணுமோல்லியோ? அப்புறம் யாரும் வேண்டாம்னு சொல்ல முடியாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அவள் விளையாடவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

கிராண்ட் ட்ரங்க் ரோடு முதலில் ஒரு தூக்கம் போலத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் பெரிய மரங்கள், நடுவே நிழலும் வெயிலும் மாறி மாறி வரும். சக்கரம் உருளும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாமல் மணிக்கணக்கில் போவோம். யாருக்கும் பேசத் தோன்றாது. காசியும் ஆக்ராவும் வந்ததும் போனதும் எனக்குச் சரியாக நினைவில்லை. நினைவிருப்பது காலையில் புகை மூட்டத்தில் மாடுகள் எழுந்திருப்பதும், கடுகு வயல்களின் மஞ்சளும்தான்.

பாலைவனம் அப்படி விடவில்லை. மணலில் டயர் உருளவே மறுத்தது. விடியற்காலையில் மணல் குளிர்ந்து இறுகியிருக்கும்போது மிதிப்போம். வெயில் ஏறியதும் இறங்கித் தள்ளுவோம். ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் நடுவே ஒட்டகத் தடம்தான் வழி. ஒருநாள் பொர்தா நின்றுவிட்டார். தண்ணீரையும் சாப்பாட்டையும் ரிப்பேர் சாமானையும் தவிர மற்ற பாரமெல்லாம் இங்கேயே இறங்க வேண்டும் என்றார்.

எங்களில் மருத்துவ மாணவர் ஒருவர் இருந்தார். அவர் தடித்த புத்தகங்களை ஒரு ஒட்டகக்காரரிடம் கொடுத்தார். சணல் கம்பெனி குமாஸ்தா ஒருவர், கொஞ்சம் கனத்த சரீரம், ஊரிலிருந்து தூக்கி வந்த கடுகுத் துவையல் ஜாடியைப் பிரியும்போது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நான் இரண்டாவது சட்டையையும் கம்பளியையும் கழற்றி வைத்தேன். பொர்தா என் கைப்பிடியில் கையை வைத்தார்.

"இது என்ன?"

"என் மனைவி" என்றேன். வெயிலில் வேறு விளக்கம் சொல்ல வாய் வரவில்லை.

மற்ற இருவரும் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வந்தார்கள். பிறகு மெல்ல எல்லாவற்றையும் சொன்னேன். பரஸ்தானத்தால் அவமானப்பட்ட மனிதர் பொர்தா, திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் முடிச்சை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"பௌதி ரொம்ப லேசு. அவங்க வரட்டும்" என்று தம் பாஷையில் சொல்லி, தம் கையாலேயே மறுபடி கட்டினார். பௌதி என்றால் அண்ணி.

அன்று முதல் நாங்கள் ஐந்து பேர். கிணற்றடியில் முதல் குவளைத் தண்ணீர் வந்தால், "பௌதிக்குக் கொடுத்தாயா?" என்று கேட்பார்கள். மேட்டில் தள்ளும்போது, "பௌதி, நீங்கள் உட்கார்ந்தே வாருங்கள்" என்று குமாஸ்தா மூச்சிரைக்கச் சொல்லுவார். கேலிதான். ஆனால் கானல் நீர் ஓடுகிற மத்தியானங்களில் எனக்கு அது கேலியாகத் தோன்றவில்லை. பின்னால் காரியரில் அவள் உட்கார்ந்திருப்பது போலவும், வண்டி கொஞ்சம் கனப்பது போலவும் இருக்கும். திரும்பிப் பார்த்தால் என் சக்கரத்தின் தடம் மட்டும் மணலில் நீண்டு கிடக்கும். திரும்பிப் பார்க்காமல் இருப்பதே நல்லது என்று பழகிக்கொண்டேன். அவளிடம் பேசிக்கொண்டு வந்தேன். இதோ மயில், இதோ உப்பளம் என்று காட்டினேன். இரண்டு அறை வீட்டில் அவளோடு அவ்வளவு பேசியதில்லை.

பஞ்சாப் சமவெளியைத் தாண்டி, காங்ரா பள்ளத்தாக்கில் ஏறின ஒரு சாயங்காலம் மழையும் ஆலங்கட்டியும் சேர்ந்து அடித்தது. பாதையோரம் கல்கூரை போட்ட ஒரு வீட்டில் ஒதுங்கினோம். வீட்டுக்காரர் யுத்தத்துக்குப் போய் வந்த சிப்பாய், இந்துஸ்தானி பேசுவார். அவர் மனைவிக்கு மலைப்பாஷைதான். ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு நிற்கும்போது மழை சட்டென்று விட்டது, மேகம் விலகியது. வீட்டுக்குப் பின்னால், நினைத்ததைவிட வெகு பக்கத்தில், பனிமலை நின்றது. அதற்கு முன்னும் பின்னும் வேறொன்றும் இல்லை, வானம் முழுக்க அதுதான். பொர்தா கைகூப்பினார். எனக்குச் சந்தோஷத்தை முந்திக்கொண்டு துக்கம் வந்தது. தூங்கிப்போன அந்தப் பெண்ணை எழுப்ப வேண்டும் போல இருந்தது.

முடிச்சை அவிழ்த்துச் சிமிழை அந்த அம்மாளிடம் கொடுத்தேன். இது என் மனைவியுடையது, இங்கே இருக்கட்டும், அவள் பின்னால் வருகிறாள் என்று சிப்பாயிடம் சொன்னேன். அவர் மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் திறந்து குங்குமத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாங்கிச் சாமி மாடத்தில் வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய், நாங்கள் வந்த பாதையை எட்டிப் பார்த்தாள். இரவு சாப்பாட்டுக்கு எங்களுக்கு நான்கு தட்டுகள் போட்டு, ஐந்தாவதாக ஒன்றை அடுப்போரம் மூடி வைத்தாள். அவள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்று சிப்பாயிடம் சொல்ல நினைத்தேன். சொல்ல மனம் வரவில்லை.

திரும்பும்போது ரயில். வீட்டுக்குள் நுழைந்ததும் என் கறுத்த முகத்தையோ இளைத்த உடம்பையோ அவள் கேட்கவில்லை.

"எங்கே வெச்சேள்?" என்றாள்.

சொன்னேன். மாடம் எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம், வாசலில் நின்றால் மலை தெரியுமா என்றெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஐந்தாவது தட்டைச் சொன்னபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் கிளம்பிவிட்டவளாகவே வாழ்ந்தாள். பூஜை லீவு வரும்போதெல்லாம் ஒரு சின்ன டிரங்குப் பெட்டி கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரும். அந்த வருஷம் அடுத்த குழந்தை. அடுத்து என் அப்பாவுக்குப் பக்கவாதம். அப்புறம் ஆபீஸில் ஆள் குறைப்பு, லீவு என்று வாய் திறக்கப் பயம். அப்புறம் மூத்தவளுக்கு வரன். பெட்டி மறுபடி கட்டிலுக்கடியில் போகும். ஊருக்குப் போய் வரும்போது மட்டும் அவள் ரயிலில் வலுக்கட்டாயமாகத் தூங்குவாள். "பார்த்தா அந்தப் பனிமலையைத்தான் மொதல்லே பார்க்கணும்" என்று சொல்லிவிட்டாள். அவள் பிடிவாதம் எனக்குப் பழக்கம்தான், இருந்தாலும் இது கொஞ்சம் அதிகம் என்று முணுமுணுத்தேன்.

ஒருநாள் பெரியவர்கள் சிலர் வந்திருந்தபோது பேச்சுவாக்கில், "அந்தச் சிமிழ் இப்போ அங்கே இருக்குமோ என்னவோ" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"என்னைப் பாதி வழியிலே நிறுத்தி வெச்சிருக்கேள். இங்கேயும் முழுசா இல்லே, அங்கேயும் முழுசா இல்லே. அதுவாவது தெரியறதா உங்களுக்கு?" என்றாள். குரல் உயரவே இல்லை.

பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு, ஒரு வசந்த காலத்தில், யாரையும் கேட்காமல் டிக்கெட் எடுத்தேன். பள்ளத்தாக்குக்குள் அப்போது சின்ன ரயில் வந்துவிட்டிருந்தது. அவள் தலையில் நரை, எனக்கு முழங்காலில் வலி. ரயிலில் ஜன்னல் ஷட்டரைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசி ஸ்டேஷனில் கையைப் பிடித்து இறக்கினேன். அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். பனிமலை அங்கேயே நின்றது. அவள் என் கையை விடவில்லை.

வழி மாறியிருக்குமோ, வீடு இருக்குமோ, இருந்தாலும் அவர்களுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். சிமிழ் இல்லை என்றால் இவளுக்கு என்ன சொல்லுவேன்? கல்கூரை தெரிந்தது. வாசலில் ஒரு கிழவி தானியம் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. என் மனைவியின் நெற்றிக் குங்குமத்தைத்தான் உற்றுப் பார்த்தாள். உள்ளே போனாள். சிமிழை எடுத்துவந்து மூடியைத் திறந்து நீட்டினாள்.

சிமிழ் நிறைந்திருந்தது. ஆனால் அது நாங்கள் கொண்டுவந்த குங்குமம் இல்லை. ஆரஞ்சு நிறத்தில், அந்த ஊர்ச் சிந்தூரம். குறையக் குறைய அவள் தன்னுடையதைப் போட்டு நிரப்பி வந்திருக்கிறாள்.

வாசற்படியில் நின்றபடி கிழவி என்னமோ கேட்டாள். உள்ளேயிருந்து வந்த சிப்பாய், இப்போது முழுக் கிழவர், சிரித்துக்கொண்டே எனக்கு இந்துஸ்தானியில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

"நீ பின்னாலேயே வரதா நான் சொன்னேனாமே, இவ்வளவு நேரமான்னு கேக்கறா."

என் மனைவி சிந்தூரத்தை விரலில் தொட்டு, முதலில் கிழவிக்கு இட்டாள், பிறகு தனக்கு இட்டுக்கொண்டாள்.

"வழியிலே கொஞ்சம் வேலையாயிடுத்துன்னு சொல்லுங்கோ" என்றாள்.