கஞ்சி போட்ட தலைமுடி

எழுபதுகளில் என் திருப்பதி அலுவலகத்தில் கோப்பு கேட்பதைத் தவிர வேறு எதற்கும் யாரும் என்னிடம் பேசியதில்லை. அங்கே நடக்கவிருந்த மாறுவேடப் போட்டியிலாவது பேசுவார்கள் என்று, மேலதிகாரியிடம் முறைப்படி அனுமதி பெற்று முடி வளர்த்தேன். படக்கதையில் வரும் ஜப்பானிய வீரனைப் போல அதைக் கஞ்சி போட்டுக் கூர்கூராக நிறுத்தினேன். நடுவர்கள் ‘முள்ளம்பன்றி’ என்று குறித்துக்கொண்டார்கள்.

அதே தலையோடு சித்தூர் பஸ் ஏறினேன். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கடைசியில், புது மொட்டையில் சந்தனம் பூசிய ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார்.

“இன்னா வேசம் நைனா இது?”

சொன்னேன்.

“நேத்தே பாத்திருந்தா என் முடிய உனக்குக் குடுத்திருப்பேனே! இன்னும் ஒசரமா கட்டியிருக்கலாம். பெருமாள் கோச்சிக்க மாட்டாரு.”

வழியெல்லாம் அந்த வீரனின் கதையைக் கேட்டுக்கொண்டே வந்தார். சித்தூரில் அவர் இறங்கிப் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. ஓய்வு பெற்றுவிட்ட இன்றுவரை, அவ்வளவு நேரம் நான் வேறு யாரிடமும் பேசியதாக நினைவில்லை.