செங்கம் சாலையில் ஒரு கட்டுப் போடும் அறை

நேற்று மருந்துக்கடையில் டிங்ச்சர் பாட்டில் ஒன்று விழுந்து உடைந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நின்று நன்றாக இழுத்து முகர்ந்தேன். என் முதல் வேலையின் வாசனை அது.

1990-இல், செங்கம் சாலையில் ஓர் ஓட்டு வீட்டில், இலங்கை அகதிகளுக்காக ஒரு கிறிஸ்துவத் தொண்டு நிறுவனம் நடத்திய சின்ன மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்தேன். புது வெள்ளைப் புடவை, கொஞ்சம் திமிர். ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றும் என்பது வேறு கதை.

நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டெல்லாக்காவும் அகதியாக வந்த நர்ஸ்தான். இலங்கையில் அவருடைய ஊரில், சண்டைக்குப் பயந்து சனங்கள் ஒதுங்கியிருந்த மாதா கோயில் மேல் ஷெல் குண்டு விழுந்தது. அக்கா பீடத்துணியைக் கிழித்துக் கட்டுகள் போட்டிருக்கிறார். யோகன் என்ற மீனவரின் நசுங்கிய காலை மயக்கமருந்து இல்லாமல் தச்சு வாளால் அறுத்திருக்கிறார்.

"அண்டைக்குத்தான் எங்கட வேலை தொடங்கினது, பிள்ளை" என்பார்.

யோகன் பிழைத்து, அக்காவோடு படகேறி வந்து, எங்கள் வாசலைக் காத்தார். கட்டைக்காலோடு என்னைவிட வேகமாக நடப்பார்.

மறு வருஷம் நாட்டின் பெரிய தலைவர் ஒருவர் குண்டுவெடித்துக் கொல்லப்பட்டார். ஊரின் கோபம் அகதிகள்மேல் திரும்பியது. மறுநாள் காலையே தடிகளோடு ஒரு கூட்டம் வந்தது.

"அவனுங்கள வெளிய அனுப்புடா!"

"உள்ளுக்கு நோயாளியள் இருக்கினம். போங்கோ" என்று கேட்டைப் பிடித்துக்கொண்டார் யோகன்.

சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் அவர் தலையில் அடித்தான். தேங்காய் உடைவதுபோல் கேட்டது. விழுந்தவர்மேல் அக்கா பாய்ந்து கவிழ்ந்தார். அடுத்த அடியில் அக்காவின் கை முறிந்தது. அதே ஆள் ஜன்னல் கண்ணாடியைக் குத்தினான். அவன் மணிக்கட்டு கிழிந்து ரத்தம் பீறிட்டதும், கூட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.

"அவனையும் உள்ளுக்குக் கொண்டு வா" என்றார் அக்கா.

"அக்கா, இவந்தாங்க்கா அடிச்சான்!"

"தெரியும். ரத்தம் ஓடுது, பார்."

யோகனையும் அவனையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தித் தைத்தேன். எனக்குத் தலை சுற்றவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வேனிலேயே யோகன் இறந்துவிட்டார். மற்றவன் பிழைத்தான். தையல் பிரிக்கக்கூட அவன் வரவில்லை.

பல வருஷம் கழித்து இலங்கையில் மறுபடி சண்டை மூண்டபோது அக்கா ஊருக்குத் திரும்பினார். "அங்கையும் காயக்காரர் இருக்கினம்" என்றார். அப்புறம் அவரிடமிருந்து சேதியே இல்லை. ஓட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் காபி குடிக்கிறார்கள்.

போன மாதம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். யோகனுக்கு நட்ட மரச் சிலுவை செல்லரித்து இல்லாமலே போயிருந்தது. எந்த மண்மேடு அவருடையது என்று தெரியவில்லை. கொண்டுபோன சாமந்தியை அந்த வரிசை முழுவதும் தூவிவிட்டு வந்தேன்.