ஆளில்லாத காடு

இந்த ஊர்க் காலண்டரில் சாமி கிடையாது. மந்தாரக்குப்பத்து ஜவுளிக்கடையில் கொடுக்கும் முருகனையும் லட்சுமியையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கனடாவின் சுவர்கள் இன்றும் மூளியாகத்தான் தெரிகின்றன. பன்னிரண்டு மாதமும் காடு, ஏரி, மலை. அதையே நான் உற்றுப் பார்ப்பதைக் கண்ட, ஆபீஸில் என் பக்கத்து மேசை மார்கரெட், போன சனிக்கிழமை என்னை ஓவியக்கூடத்துக்கு அழைத்துப் போனார்.

சுவரை அடைத்துக்கொண்டு ஒரு காடு. நூறு வருஷத்துக்கு முந்தைய ஓவியம். இடி விழுந்து பிளந்த பைன் மரம், அதன் பின்னால் பனி விலகும் ஆறு, ஆற்றின் வளைவில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் வெயில். பொய் சொல்வானேன், சொக்கிப்போனேன். எதிரிலிருந்த பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். "மனுஷன் காலே படாத இடம்" என்றார் மார்கரெட், குரலைத் தாழ்த்தி. "இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்டேன். அந்தக் காட்டில் குடியிருந்த பழங்குடிகளைத்தான் கேட்டேன்; ஓவியரைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து, அவர் லண்டனில் இறந்துபோனதாகச் சொன்னார். நான் திருத்தவில்லை. ஆளை விட்டுவிட்டு நிலத்தை வரைவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில், நெய்வேலியில் சுரங்கத்துக்காக நிலம் அளந்த ஒரு காண்டிராக்டரிடம் நான் வரைபடம் போடுபவன். பட்டா இல்லாத குடிசையானாலும் கட்டம் போட்டு, எண் கொடுத்து, பெயர் எழுத வேண்டும். அப்போதுதான் குடியிருப்பவருக்கு மாற்று இடம் கிடைக்கும். முந்திரித் தோப்பின் ஓரத்தில் கூலி வேலை செய்யும் அஞ்சலையின் குடிசை இருந்தது. கொட்டை உடைத்துக் கறுத்த விரல்கள். என் மேசைக்கு நிழல் வேண்டுமென்று, இரண்டு மரங்களுக்கு நடுவே தன் பழைய புடவையைக் கட்டிக் கொடுத்தவள் அவள். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து கேட்டாள்.

"எங்க வூட்டயும் எழுதிக்கினீங்களா சார்?"

"எழுதியாச்சும்மா."

எழுதவில்லை. ஜெனரல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் சுரங்க பஸ்ஸை விட்டால் வீடு வரை நடைதான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தாளைச் சுருட்டினேன். மறுநாள் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். முந்திரி மரங்களை மட்டும் ஒன்றுவிடாமல் வரைந்திருந்தேன். "ஓவியம் மாதிரி இருக்குய்யா" என்று காண்டிராக்டர் மெச்சிக்கொண்டார்.

பட்டியலில் தன் பெயர் இல்லையென்றதும் அஞ்சலை மந்தாரக்குப்பத்தில் என் வாடகை வீட்டைத் தேடி வந்துவிட்டாள். "உங்க வூட்டுக்காரரு எழுதினேன்னு சொன்னாரும்மா. அத மட்டும் ஆபீஸ்ல வந்து சொன்னா போதுங்க." கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இல்லையென்று சொல்லும்படி மனைவிக்குக் கையைக் காட்டினேன். "அவர் சைட்டுக்குப் போயிட்டாருங்க" என்றாள் அவள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வெளியே வரவில்லை. பிறகு அந்த வரைபடத்தின் நகலைக் காட்டித்தான் இந்த நாட்டில் வேலை வாங்கினேன்.

ஓவியக்கூடத்திலிருந்து கிளம்பும்போது, அந்தக் காட்டின் படம் போட்ட தபால் அட்டை ஒன்றை மார்கரெட் வாங்கிக் கொடுத்தார். ஊருக்கு அனுப்பு என்றார். இங்கே என் வீட்டு வாசலில் பித்தளையில் எண் பதித்திருக்கிறது; தபால்காரர் என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாவிட்டாலும் கடிதத்தைச் சரியாகப் போட்டுவிடுகிறார். மேசையில் உட்கார்ந்து அட்டையில் 'அஞ்சலை' என்று எழுதினேன். கதவு எண்ணுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்த வீட்டுக்கு எண் போட்டிருக்க வேண்டியவன் நான்தான்.